இரண்டு சதுர அடிகூட இல்லாத முகம்: தெரியுமா உங்களுக்கு?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோலுக்குக் கணக்கு சதுர அடி. அளவு மெஷினில் ஏற்றி இறக்கியதும் தோலின் உட்புறத்தில் எண்ணைக் குத்திவிடுவார்கள். நல்ல வெள்ளாட்டுத் தோல் 4 அடி, 5 அடி வரும். அதே கணக்கால் உலகம் சலிக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்முகத்தை அளந்து பார்ப்போமா? நெதர்லாந்தின் ஹேக் நகரில், மவுரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’. யோஹானஸ் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய எண்ணெய் ஓவியம். உயரம் 44.5 சென்டிமீட்டர், அகலம் 39 சென்டிமீட்டர். பெருக்கிப் பாருங்கள். வெறும் 1.87 சதுர அடி! ஓர் ஆட்டுத்தோலில் பாதிகூட இல்லை! அந்தச் சின்னத் துணிக்குள்தான் அந்தத் திரும்பல், அந்தக் கண், அந்த ஈர உதடு, அந்த முத்து எல்லாமே இருக்கின்றன.

இதை ஏன் தோல் கணக்கில் தொடங்குகிறேன் என்றால், எனக்கு இந்தப் படத்தைப் பார்க்கக் கற்றுத் தந்தவர் ஓர் ஓவிய ஆசிரியர் இல்லை. ஆம்பூரில் 40 வருடம் தோல் ரகம் பிரித்த என் தாய்மாமா. படத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றை அவரிடம் காட்டினேன். அவர் அதை முகத்துக்கு நேராகப் பிடிக்கவே இல்லை. ஜன்னல் பக்கம் போனார். படத்தைச் சாய்த்தார், மறுபடி சாய்த்தார். “இன்னாம்மா, கிரெய்ன் வெடிச்சிருக்கே?” என்றார். முகமெங்கும் பரவிக் கிடக்கும் மெல்லிய விரிசல் வலையைத்தான் சொன்னார். பலர் முதலில் முத்தைப் பார்ப்பார்கள். அவர் மேல்தோலைப் பார்த்தார்!

அருங்காட்சியகங்களின் ஆய்வுக்கூடங்களில் ஓவியத்தைப் பரிசோதிப்பவர்கள் செய்கிற முதல் வேலைகளில் இதுவும் ஒன்று, தெரியுமா? விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஒளியைப் படத்தின்மேல் சாய்வாக ஓடவிடுவார்கள். மேடு, பள்ளம், விரிசல், தூரிகையின் தடம் எல்லாம் நிழல் போட்டு எழும்பும். ஆம்பூரில் உண்ணிக்கடியும் முள் கீறலும் ஆறிப்போன தழும்பும் தேடுகிற கண் தலைமுறை தலைமுறையாக இதே சாய்வெளிச்சத்தில்தான் வேலை பார்க்கிறது. ஓவியத்தை அதன் கதையை விட்டுவிட்டு வடிவத்தையும் ஒளியையும் நிறத்தையும் பரப்பையும் மட்டும் வைத்துப் படிப்பது பெரிய படிப்பு என்று நினைத்துப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் படிப்புக்கு வேண்டிய கண் நம் ஊர் மேஜைகளில் ஏற்கெனவே இருக்கிறது!

சரி, முதல் ஆச்சரியம். இது ஓர் உருவப்படமே இல்லை, தெரியுமா? யாரோ ஒரு பணக்காரர் தன் மகளை வரையச் சொல்லிக் காசு கொடுத்த படம் அல்ல. அக்கால டச்சுக்காரர்கள் இதை ‘டிரோனி’ என்பார்கள். முகம் என்று பொருள். ஒரு முகபாவம், ஒரு விசித்திர உடை, ஒரு ஒளி விழும் விதம், இவற்றைக் காட்ட வரைகிற தலை. அதனால்தான் டெல்ஃப்ட் நகரத்துப் பெண்கள் யாரும் கட்டாத தலைப்பாகை இவளுக்கு. நீலத் துணியை நெற்றியில் இறுக்கிச் சுற்றி, உச்சியிலிருந்து மஞ்சள் துணி ஒன்று தோளுக்குப் பின்னால் விழுகிறது. ஆள் யார் என்ற கேள்வியை விட்டுவிட்டால் அப்புறம் மிஞ்சுவது பார்வை மட்டும்தான். அந்தப் பார்வைக்காகத்தான் படமே!

அவள் உட்கார்ந்திருக்கும் விதத்தைக் கவனியுங்கள். உடம்பு படத்தின் இடது பக்கம் நோக்கி இருக்கிறது. தலை மட்டும் இடது தோளுக்கு மேலாக நம் பக்கம் திரும்புகிறது. கழுத்து அந்தத் திருப்பத்தைத் தாங்குகிறது. யாரோ பின்னாலிருந்து கூப்பிட, “ம்?” என்று திரும்பிய கணம். வாய் துளி திறந்திருக்கிறது. அடுத்த நொடி அவள் பேசலாம், அல்லது மறுபடி முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். ஐரோப்பாவில் பரோக் என்று சொல்கிற 17ஆம் நூற்றாண்டுப் பாணியின் உயிரே இந்தக் கணம்தான்: நடந்துகொண்டிருக்கிற செயலின் நடுவில் பிடிப்பது, இருட்டைப் பின்னால் நிறுத்தி ஒளியை ஒரு பக்கத்திலிருந்து அடிப்பது. இத்தாலியில் கரவாஜ்ஜோ அதை வாளும் ரத்தமுமாகச் செய்தார். ரூபன்ஸ் குதிரையும் கூட்டமுமாகச் செய்தார். வெர்மீர் ஒரே ஒரு கழுத்தைத் திருப்பி அதைச் செய்துவிட்டார்! என்னைக் கேட்டால் மூவரிலும் வெர்மீர் செய்ததுதான் கடினம்.

இப்போது மூக்கைப் பாருங்கள். மூக்குத் தண்டுக்கு ஒளி படுகிற பக்கத்தில் கோடே இல்லை, தெரியுமா? நன்றாகத் தேடுங்கள். மூக்கும் அந்தப் பக்கத்துக் கன்னமும் ஒரே வெளிர் நிறத்தில் ஒன்றோடொன்று கரைந்துவிடுகின்றன. மூக்கு இருப்பதை நாம் நம்புவதற்குக் காரணம் மறுபக்கத்து நிழலும் நுனியில் ஒரு வெளிச்சமும்தான். மிச்சத்தை நம் மூளை வரைந்துகொள்கிறது! கன்னத்தின் விளிம்பும் இருட்டுக்குள் கூர்மையாக வெட்டி நிற்காமல் இளகி நிற்கிறது. நிழல் பக்கத்தில் தாடையிலிருந்து கழுத்துக்கு நிறம் எங்கே மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. மாமா இதைப் பார்த்துவிட்டு ஒரே சொல் சொன்னார்: “ஜாயின்ட்டே தெரியல.” ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேறு கிடையாது.

ஒளி படத்தின் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது. ஆதாரம் எங்கே? இரண்டு கண்களிலும் இடது மேல் ஓரத்தில் வெள்ளைப் பொட்டு. முத்தின் இடது மேற்பகுதியில் கனத்த வெள்ளைத் தீற்று. எல்லாம் ஒரே ஜன்னலுக்குச் சாட்சி சொல்கின்றன. உதட்டோரத்தையும் விடாதீர்கள். 1994இல் இந்தப் படத்தைத் துப்புரவு செய்தபோது, மஞ்சளாகிப்போன பழைய வார்னிஷையும் பின்னாளில் யாரோ பூசிய திருத்தங்களையும் நீக்கினார்கள். அப்போது வாயோரத்தில் ஒரு குட்டி இளஞ்சிவப்பு ஒளிப்பொட்டு மீண்டும் வெளியே வந்தது! அந்த ஒரு பொட்டினால்தான் உதடு ஈரமாகத் தெரிகிறது. அதே துப்புரவில் இன்னொரு அதிசயமும் நடந்தது. முத்தின்மேல் எல்லாரும் ஒளி என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு புள்ளி, இடம்மாறி ஒட்டிக்கொண்ட வண்ணச் செதில் என்று தெரியவந்தது! எடுத்துவிட்டார்கள். முத்து இன்னும் முத்தானது.

அந்த முத்துக்கு வருவோம். முத்தை மாட்டக் கொக்கியே இல்லை, தெரியுமா? காதுமடலிலிருந்து அதைத் தொங்கவிடும் கம்பி வரையப்படவே இல்லை. முத்தின் வெளிக்கோடும் இல்லை. மேலே ஒரு தடித்த வெள்ளைத் தீற்று, கீழே வெள்ளைக் கழுத்துப்பட்டையின் மங்கலான பிரதிபலிப்பு, இடையில் கழுத்து நிழலோடு சேர்ந்துவிடும் அரைத் தெளிவான பூச்சு. அவ்வளவுதான் முத்து! இத்தனை பெரிய அசல் முத்து அக்காலத்தில் ஒரு ஓவியர் வீட்டில் இருந்திருக்க வாய்ப்பில்லை என்கிறார்கள் அருங்காட்சியகத்தார். 2014இல் வின்சென்ட் இக்கே என்ற டச்சு வானியலாளர், இந்தப் பளபளப்பு முத்துக்கு உரியதல்ல, மெருகேற்றிய உலோகத்துக்கு உரியது என்று வாதிட்டார். ஒளியின் நடத்தையை வைத்து நட்சத்திரங்களை ஆராய்பவர் ஒரு தோட்டுக்காக மெனக்கெட்டிருக்கிறார் பாருங்கள்!

அசல் முத்தோ போலி முத்தோ, இவள் பிறந்த அந்த ஆண்டுகளில் உலகத்தின் பேர்பெற்ற முத்துக் குளிப்புகளில் ஒன்று யார் கையில் இருந்தது தெரியுமா? 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. மன்னார் வளைகுடாவில் பரதவர்கள் மூச்சடக்கி எடுத்த முத்துகள் அந்தக் கம்பெனியின் கண்காணிப்புக்குள் போய்விட்டன. அந்தக் கம்பெனிக்கு நெதர்லாந்தில் ஆறு நகரக் கிளைகள். அவற்றில் ஒன்று வெர்மீர் பிறந்து வளர்ந்து இறந்த டெல்ஃப்ட்!

வேலூருக்கே இதில் ஒரு பங்கு உண்டு. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கால் ஊன்ற 1610இல் அனுமதி தந்தவர் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடர். சந்திரகிரியும் வேலூரும் அவருடைய தலைநகரங்கள். பழவேற்காட்டுக் கோட்டை எழுந்தது 1613இல். வெர்மீர் இந்தப் படத்தைத் தீட்டிய காலத்தில் சோழமண்டலக் கரை முழுதுக்கும் டச்சுத் தலைமையகம் அதுதான்.

அதைவிடப் பெரிய செய்தி ஒன்று சொல்கிறேன், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெர்மீர் பிறந்தது 1632. அதற்கு இருபது வருடங்களுக்கும் முன்பே, அதாவது 17ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே, இதே வேங்கடரின் அரசவையில் ஐரோப்பிய ஓவியர்கள் இருந்தார்கள், தெரியுமா? முதலில் அலெக்சாந்தர் ஃப்ரே என்ற இயேசு சபைச் சகோதரர் சந்திரகிரிக்கு வந்தார். பிறகு பார்த்தலோமியோ ஃபோன்டெபோனா என்ற இத்தாலியர் வேலூருக்கு வந்தார். இருவரும் ஓவியர்கள். அரசர் அவர்களுடைய படங்களை ஆசையோடு பார்த்து, என்ன கதை என்று கேட்டுத் தெரிந்துகொள்வாராம். வேலூர்க் கோட்டைக்குள் போகிற நாம் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட்டு, அகழியோரம் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். முகத்தில் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாக வரையும் வித்தை அந்தக் காலத்திலேயே இந்த ஊருக்கு வந்துவிட்டது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

இனி இந்த 1.87 சதுர அடிக்குள் என்னென்ன பொருள் இருக்கிறது என்று பார்ப்போம். 2018 பிப்ரவரி கடைசியில் மவுரிட்ஸ்ஹவுஸில் ஒரு கண்ணாடி அறை கட்டினார்கள். அருங்காட்சியகத்தின் ஓவியப் பாதுகாப்பாளர் அபி வாண்டிவேரின் தலைமையில் உலக விஞ்ஞானிகள் குழு ஒன்று, பார்வையாளர்கள் கண்முன்னாலேயே, இரண்டு வாரம் இரவு பகலாக இந்தப் பெண்ணை ஆராய்ந்தது. ஊடுகதிர், அகச்சிவப்பு, நுண்ணோக்கி எல்லாம். 2020இல் முடிவைச் சொன்னார்கள். கண்ணுக்கே தெரியாத மயிரிழை இமைமுடிகள் இரண்டு கண்களிலும் இருக்கின்றன! அதுவரை “இவளுக்கு இமைமுடி இல்லை, அதனால் இவள் ஒரு லட்சிய உருவம்” என்று பலர் எழுதியிருந்தார்கள். காதின் இடம், தலைப்பாகையின் உச்சி, பின்கழுத்து மூன்றையும் வெர்மீர் வரைந்தபின் நகர்த்தியிருக்கிறார். அவர் தூரிகையின் முடித் துணுக்குகள் வண்ணத்துக்குள் புதைந்து கிடக்கின்றன. இடது மேல் மூலையில் அவர் கையெழுத்தும் இருக்கிறது.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும் கண்டுபிடிப்பு பின்னணியில் இருக்கிறது. இவளுக்குப் பின்னால் இருப்பது வெற்று இருட்டு இல்லை, தெரியுமா? பச்சைத் திரை! வலது மேல் மூலையில் அதன் மடிப்புகள்கூடத் தெரிந்தன. கருமையான அடிப்பூச்சின்மேல் அவுரி நீலத்தையும், வெல்ட் என்ற ஐரோப்பியச் செடியின் மஞ்சளையும் எண்ணெயில் குழைத்து மெல்லிய கண்ணாடிப் பூச்சாகப் பூசியிருக்கிறார். நீலமும் மஞ்சளும் சேர்ந்து பச்சை. 350 வருட வெளிச்சத்தில் செடிச் சாயம் வெளுத்து, பச்சை போய், கருமை மட்டும் நின்றுவிட்டது. அவுரி என்றால் நமக்குப் புரியும். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகப் போன சாயச் சரக்கு அது. சாயத்தோல் வெயிலில் வெளுக்கும் என்று ஷூ கம்பெனியில் வேலை செய்யும் எந்தப் பெண்ணும் சொல்வாள். டெல்ஃப்ட் மேதையின் திரைக்கும் அதே விதிதான்.

இந்தப் பச்சைத் திரை தெரிந்ததும் நாம் இத்தனை காலம் எழுதியதில் பாதியைத் திருத்தி எழுத வேண்டும். காலமற்ற இருளில் மிதக்கும் முகம் என்று வர்ணித்தோமே, அவள் மிதக்கவில்லை. ஒரு துணிக்கு முன்னால், ஒரு அறையில், ஒரு ஜன்னலருகே இருந்தாள்.

நீலத்துக்கு வாருங்கள். தலைப்பாகையின் நீலம் ஆப்கானிஸ்தான் மலைகளில் வெட்டிய லாபிஸ் லசூலி என்ற கல். கல்லை இடித்து, மெழுகும் பிசினும் சேர்த்துப் பிசைந்து, சாம்பல் காரநீரில் கசக்கிக் கசக்கி நீலத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். தங்கத்துக்கு நிகராக விலை பேசிய நிறம்! அதை வெர்மீர் சிக்கனமே இல்லாமல் பூசியிருக்கிறார். ஒளி படும் இடத்தில் வெள்ளை கலந்து, நிழலில் கருமையின்மேல் தெளிவாக. அருகிலேயே மஞ்சள் துணி, மஞ்சள் பழுப்புச் சட்டை. நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று தூக்கிப் பிடிக்கும் நிறங்கள். சட்டையைக் கிட்டத்தில் பாருங்கள்: பட்டையான, முரட்டுத் தீற்றல்கள். முகத்தில் தூரிகைத் தடமே தெரியாத வழவழப்பு. ஒரே 1.87 சதுர அடியில் இரண்டு ஃபினிஷ்! முகத்தின் மென்மை பாதி அந்தச் சட்டையின் முரட்டுத்தனத்தால் வந்தது என்பது என் உறுதியான எண்ணம். கட்டை விரலால் சட்டையை மறைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள், தெரியும். அப்படியே கழுத்துப்பட்டையையும் மறைத்துப் பாருங்கள். கண் வெள்ளை, முத்து, கழுத்துப்பட்டை என்று மூன்று வெள்ளைகள் முகத்தைச் சுற்றிக் காவல் நிற்கின்றன. ஒன்றை எடுத்தால் முத்து அந்தரத்தில் தத்தளிக்கிறது.

சிவப்போ உதட்டில்தான் அழுத்தமாக நிற்கிறது. அந்தச் சிவப்பில் ஒரு பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஒரு பூச்சியிலிருந்து! மெக்சிகோவிலும் தென் அமெரிக்காவிலும் கள்ளிச்செடியில் ஒட்டி வாழும் கோச்சினீல் பூச்சி. ஒரு கிலோ உலர்ந்த பூச்சிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் உயிர் போகும். நமக்குச் சம்பந்தமில்லாத பூச்சி என்று நினைக்க வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையின் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், சைதாப்பேட்டையில் இந்தப் பூச்சிக்காகவே கள்ளித் தோட்டம் போட்டார்! 1795இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து வங்காளம் வந்த பூச்சி, நல்ல சாயம் தராத காட்டு வகை. சாய வியாபாரம் படுத்துவிட்டது. பூச்சி மட்டும் ஊரிலிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைப் பார்த்துத்தான் கள்ளியை ஒழிக்கப் பூச்சியை விடலாம் என்ற யோசனையே பிறந்தது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு வகை கோச்சினீலைக் கொண்டுவந்து தென்னிந்தியாவின் சப்பாத்திக்கள்ளிக் காட்டின்மேல் விட்டார்கள். ஏக்கர் ஏக்கராக மண்டிக் கிடந்த கள்ளி சரிந்தது. எங்காவது மிச்சமிருக்கும் சப்பாத்திக்கள்ளியில் வெள்ளைப் பஞ்சு அப்பியிருந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். குபுக்கென்று சிவப்பு வரும். இந்தப் பெண்ணின் உதட்டுச் சிவப்புக்கு நெருங்கிய சொந்தம் அது!

தோல்காரர்கள் நாற்காலி நுனிக்கு வர வேண்டிய இடம் இதுதான். எண்ணெய் ஓவியமும் தோல் ஃபினிஷிங்கும் ஒரே வேலை, தெரியுமா? அடிப்பூச்சு, நிறப்பூச்சு, மேல்பூச்சு. பதனிட்டு உலர்த்திய கிரஸ்ட் தோலுக்குப் பூசுகிற அதே வரிசை. வெர்மீர் கால வழக்கப்படி, துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியதும் முதலில் தடவுவது எதை? விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரப் பசையை! எண்ணெய் நேராகத் துணியில் இறங்கினால் துணி மக்கிவிடும். நடுவில் தோல் பசை தடுப்பாக நிற்கும். அதாவது கித்தானில் வரைந்த அந்தக் காலத்து ஐரோப்பியப் பெண்முகங்களுக்குக் கீழே ஒரு விலங்கின் தோல் கரைந்து கிடக்கிறது.

அந்த எண்ணெய் ஆளிவிதை எண்ணெய். தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காயாது. காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு தானே கெட்டிப்பட்டுப் படலமாகும். மீன் எண்ணெயை ஏற்றி, காற்றில் பக்குவப்படுத்தி, கண்ணாடி துடைக்கும் சாமாய் தோல் செய்வார்களே, அதற்குள் நடக்கும் வேதியியலும் இதேதான்! முன்னாளில் பளபளக்கும் பேட்டன்ட் லெதரும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைப் பூசிப் பூசிக் காயவைத்துச் செய்ததுதான். ஒருவர் அதில் செருப்புச் செய்தார், ஒருவர் அதில் கன்னம் செய்தார்.

வெள்ளைக்கு வந்தால் நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். முகம், முத்து, கழுத்துப்பட்டை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஈய வெள்ளை. இந்தப் படத்து ஈயம் இங்கிலாந்தின் பீக் மாவட்டத்திலிருந்து வந்தது என்று 2018 ஆய்வு சொல்கிறது. ஈயத்தை எப்படி வெள்ளையாக்கினார்கள் தெரியுமா? அடியில் வினிகர் ஊற்றிய மண்பானைகளில் ஈயத் தகட்டைச் சுருட்டி வைத்து, பானைகளைக் குதிரைச் சாணத்தில் அடுக்கடுக்காகப் புதைத்து, கொட்டகையை மூடிவிடுவார்கள். சாணம் புளித்துச் சூடேறும், கரியமில வாயு விடும், வினிகர் ஆவியாகும். வாரக்கணக்கில் கிடந்தபின் திறந்தால் ஈயம் வெண்செதிலாகப் பூத்திருக்கும். இந்த டச்சு முறையை இங்கிலாந்தில் பின்னாளில் மாற்றினார்கள். சாணத்துக்குப் பதில் என்ன போட்டார்கள்? தோல் பதனிட்டுக் கழித்துப்போட்ட பட்டைச் சக்கையை! நம் ஊர் தொட்டிகளில் ஆவாரம்பட்டை ஊறி, சாறிறங்கி, வெளியே குவித்த சக்கை அனலடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அந்தச் சூட்டில் ஓவியர்களின் வெள்ளை விளைந்தது!

அந்த வெள்ளை நஞ்சு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வெள்ளை ஈயத் தொழிற்சாலைகளில் பானை சுமந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பெண்கள். ஈயம் அவர்கள் ரத்தத்தில் ஏறியது. எனக்கு இதை எழுதும்போது டேனரிக் கழிவு கலந்த எங்கள் பாலாறு நினைவுக்கு வராமல் போகாது. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசு செய்பவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் அந்தத் தீர்ப்பு ஒரு மைல்கல், அது நம் டேனரிகளையும் நம் ஆற்றையும் பற்றியது. அழகான பரப்பு எதைப் பார்த்தாலும் அதைச் செய்த கை எந்தத் தண்ணீரில் நனைந்தது என்று எங்கள் ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கேட்கத் தோன்றும்.

விலை கேட்டீர்களா? 1881இல் ஹேக் நகரில் இந்தப் படம் ஏலத்துக்கு வந்தது. அழுக்கேறி, யார் வரைந்தது என்று யாரும் கவலைப்படாத நிலை. ஆர்னோல்டஸ் டே டோம்ப் என்பவர் வாங்கினார். எவ்வளவுக்குத் தெரியுமா? 2 கில்டர், மேலே 30 சென்ட் கமிஷன்! 1902இல் அவர் இறந்தபோது உயிலில் அருங்காட்சியகத்துக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். வெர்மீரோ 1675இல், 43 வயதில், கடனோடு இறந்தவர். வாழ்நாளில் அவர் தீட்டியதாக இன்று நமக்குக் கிடைத்திருப்பது சுமார் 35 படங்கள்தான்.

இன்று நுண்ணோக்கியால் 9,100 படங்கள் எடுத்து ஒட்டி, 1,000 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக இவளை இணையத்தில் விட்டிருக்கிறார்கள். ஆம்பூரில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் விரித்துப் பார்க்கலாம். அச்சுப் பிரதிக்குப் பிறகு மாமாவுக்கு அதையும் காட்டினேன். கண்ணின் ஓரம், உதட்டோரம், முத்தின் தீற்று என்று விரலால் தள்ளித் தள்ளிப் போனார். விரிசல்கள் வறண்ட ஏரிப் பாளம் மாதிரி விரிந்தன. முகத்தின் வெளிச்சப் பக்கத்து விரிசலும் நிழல் பக்கத்து விரிசலும் ஒரே மாதிரி இல்லை என்று அவரே கண்டுபிடித்தார். பூச்சின் கனம் மாறினால் வெடிப்பும் மாறும் என்று காரணமும் அவரே சொன்னார்.

பிறகு போனைத் திருப்பிப் பிடித்து, “பின்பக்கம் எங்கம்மா?” என்றார்.

தோலை ரகம் பிரிக்கிற யாரும் மறுபக்கத்தைப் புரட்டாமல் கீழே வைக்க மாட்டார்கள். நான் சொன்னேன்: பழைய துணி வலுவிழந்துவிட்டதால் டே டோம்ப் காலத்திலேயே பின்னால் இன்னொரு துணியைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்கள், மாமா. வெர்மீர் இழுத்துக் கட்டிய துணி இப்போது நடுவில் இருக்கிறது. அந்த வேலைக்கு ஓவியப் பாதுகாப்பாளர்கள் வைத்திருக்கும் பெயர் லைனிங்.

“லைனிங்கா?” என்று நிமிர்ந்தார். ஷூவுக்குள் கால் படுகிற பக்கத்துத் தோலுக்கு ஆம்பூரில் காலை முதல் மாலை வரை சொல்கிற அதே சொல். அச்சுப் படத்தை மறுபடி வாங்கி, ஜன்னல் பக்கம் சாய்த்தார்.